துப்பாக்கியில் தோட்டா இல்லை என்றால் அப்பீலில் ஜெயிக்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பென்சில்வேனியாவில் கிரீன் கார்டோடு இருக்கும் உங்கள் பெரியம்மா மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கார் நிறுத்துவதில் தகராறு. வாய்ச்சண்டை முற்றியதும் அண்ணன் வீட்டுக்குள் போய்க் கைத்துப்பாக்கியை எடுத்து வந்து நீட்டி, "இன்னொரு வார்த்தை பேசினால் சுட்டுவிடுவேன்" என்றார். சுடவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்தபோது துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் இருந்தது. தோட்டா நிரப்பிய மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) அதன் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. பிறர் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்கியது, மிரட்டியது என்ற இரண்டு குற்றங்களிலும் ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டது. போன வாரம் தண்டனை அறிவித்தார்கள். மிரட்டலுக்கு 6 முதல் 12 மாதம் கவுண்டி ஜெயில், மற்றதற்கு அதன் பிறகு 2 வருடம் புரொபேஷன், அதாவது ஜெயிலுக்கு வெளியே கண்காணிப்பு. விசாரணையில் அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. இப்போது மேல் கோர்ட்டில் நேரில் நின்று "தோட்டா போடவே இல்லை" என்று சொன்னால் விடுவிப்பார்களா என்பது உங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நேரடிப் பதில், அப்படி நின்று சொல்ல அங்கே இடமே கிடையாது என்பதுதான். ஆனால் "தோட்டா இல்லை" என்ற விஷயத்துக்கு அப்பீலில் மதிப்பு உண்டா என்று கேட்டால், உண்டு. ஒரு குற்றத்துக்கு நிறையவே உண்டு, இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட இல்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பென்சில்வேனியாவில் குற்ற வழக்கு மேல்முறையீட்டு மனுக்கள் எழுதுவதே பல வருடங்களாக என் வேலை. உங்கள் அண்ணன் வழக்கின் சாட்சியப் பதிவை நான் படிக்கவில்லை. அதனால் சட்டம் என்ன என்று உறுதியாகச் சொல்லலாம், அது இந்த வழக்கில் எப்படிப் பொருந்தும் என்பதை யூகமாக மட்டுமே சொல்லலாம். எது எந்த வகை என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாள் கணக்கு. தண்டனை சொன்ன நாளிலிருந்து 10 நாளுக்குள் அதே நீதிபதியிடம் 'போஸ்ட் சென்டென்ஸ் மோஷன்', அதாவது தீர்ப்பையும் தண்டனையையும் மறுபடி பார்க்கச் சொல்லும் மனு, போட வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது என்கிறீர்கள், அப்படியானால் கையில் இருப்பது மூன்று நாள். அந்த மனு போடாவிட்டால் தண்டனை நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் தாக்கல் ஆக வேண்டும். மனு போட்டால் அது தள்ளுபடியான நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும். இந்தத் தேதிகளில் கருணை எதுவும் இல்லை. வாதம் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஒரு நாள் தாமதமாகப் போனால் கோர்ட் அப்பீலைப் படிக்காமலே தள்ளிவிடும். அதனால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே வக்கீலுக்குப் போன் செய்து "மோஷன் போட்டாச்சா?" என்று கேளுங்கள். காசு இல்லை என்பது தடையே இல்லை. வசதி இல்லாதவருக்கு முதல் அப்பீலுக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இலேயே சொல்லிவிட்டது. கவுண்டியின் பப்ளிக் டிபெண்டர் அலுவலகத்தில் கேட்கலாம்.

சரி, இனி அப்பீல் என்பது என்ன என்று பார்ப்போம். நம் ஆட்கள் பலர் அப்பீல் என்றால் இரண்டாவது விசாரணை என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வழக்கு போவது சுப்பீரியர் கோர்ட்டுக்கு. மொத்தம் 15 நீதிபதிகள், ஒரு வழக்கை மூன்று பேர் கேட்பார்கள். அவர்கள் முன்னால் சாட்சி வராது, அண்ணனும் பேச மாட்டார். கீழ்க் கோர்ட்டில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் தட்டச்சான சாட்சியப் பதிவு, அங்கே காட்டிய ஆவணங்கள், இரு தரப்பு எழுத்து வாதம், அவ்வளவுதான் அவர்கள் மேசையில் இருக்கும். பல வழக்குகளில் வாய்மொழி வாதம்கூட நடப்பதில்லை. அந்தப் பதிவில் இல்லாத ஒன்றை, அது சத்தியமாகவே இருந்தாலும், அவர்கள் கணக்கில் எடுக்க முடியாது. உங்கள் அண்ணன் தோட்டா போடவில்லை என்பது அவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் யாரும் அதைக் கூண்டில் ஏறிச் சொல்லவில்லை என்றால் அப்பீலைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

இது கேட்க அநியாயமாகத் தோன்றும். ஆனால் இதே விதி அரசுத் தரப்பையும் கட்டுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. துப்பாக்கியில் தோட்டா இருந்தது என்று அவர்கள் காட்டியாக வேண்டிய இடத்தில் காட்டாமல் விட்டிருந்தால், அவர்களாலும் இப்போது புதிதாக ஒரு சாட்சியைக் கொண்டுவர முடியாது. உங்கள் அண்ணனின் மௌனம் அவருக்கு எதிராகவும் எண்ணப்படாது.

அந்த இரண்டு குற்றங்களுக்கு வருகிறேன். பென்சில்வேனியா குற்றச் சட்டத்தில் 2705ஆம் பிரிவும் 2706ஆம் பிரிவும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போடுவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரசு வக்கீல்) அலுவலகங்களின் வழக்கம். அதனால் குடும்பத்தாருக்கு ஒரே குற்றத்தின் இரண்டு பெயர் போலத் தெரியும். உண்மையில் அவை எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பவை. 2705 கேட்பது, அந்த நொடியில் இன்னொருவர் உயிருக்கு நிஜமாகவே ஆபத்து இருந்ததா என்பதை. எதிரில் நின்றவர் எவ்வளவு நடுங்கினார் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 2706 கேட்பது, வன்முறை செய்வேன் என்று சொல்லி ஒருவரைப் பீதியில் ஆழ்த்தும் நோக்கம் இருந்ததா என்பதை. சொன்னதைச் செய்ய முடியுமா, கேட்டவர் நம்பினாரா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. ஆகவே, காலித் துப்பாக்கி என்ற வாதம் முதல் குற்றத்தை உடைக்கலாம், இரண்டாவதைத் தொடாது. கோபத்தில் வாய்தவறி வந்தது என்ற வாதம் இரண்டாவதில் உதவலாம், முதலாவதில் உதவாது. அப்பீல் மனுவில் இரண்டையும் குழப்பி "அவர் யாரையும் காயப்படுத்த நினைக்கவில்லை" என்று பொதுவாக எழுதினால் இரண்டுமே போய்விடும்.

முதல் குற்றத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962இல் ஒரு மாதிரிக் குற்றச் சட்டம் வெளியிட்டது. பல மாநிலங்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சட்டத்தை எழுதின. அதில், ஒருவரை நோக்கித் தெரிந்தே துப்பாக்கியை நீட்டினாலே போதும், தோட்டா இருக்கிறது என்று நீட்டியவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பொறுப்பின்மையும் ஆபத்தும் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி உண்டு. வெர்மான்ட் மாநிலம் அந்த வரியை எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, துப்பாக்கியில் உண்மையில் தோட்டா இருந்ததா இல்லையா என்பதும் வேண்டாம் என்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அங்கே இதே கருத்தைத் தாக்குதல் குற்றத்தின் ஒரு வகையாக வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவோ 1972இல் தன் குற்றச் சட்டத்தை எழுதியபோது மாதிரிச் சட்டத்தின் இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டது. 1978இல் இது சுப்பீரியர் கோர்ட் முன் வந்தபோது நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆபத்து இருப்பது போன்ற தோற்றம் போதாது, ஆபத்தே இருக்க வேண்டும். தீங்கு செய்யும் நிஜமான சக்தி அந்த நேரத்தில் கையில் இருந்திருக்க வேண்டும். காலித் துப்பாக்கியை நீட்டுவது மட்டும் 2705 ஆகாது. இன்று வரை சட்டம் அதுதான். அண்ணன் சம்பவம் ஆற்றுக்கு அந்தக் கரையில் நடந்திருந்தால் இந்த வாதமே இருந்திருக்காது.

இனி வருவது சந்தேகமான பகுதி. தோட்டா இருந்ததை நேரடியாகத்தான் நிரூபிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சூழ்நிலையை வைத்து ஜூரி ஊகிக்கலாம். அப்பீலில் நீதிபதிகள் எல்லாச் சாட்சியத்தையும் அரசுத் தரப்புக்குச் சாதகமான வெளிச்சத்தில்தான் வாசிப்பார்கள். அப்படி வாசித்தும், நியாயமான எந்த ஜூரியும் சந்தேகத்துக்கு இடமின்றி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால்தான் குற்றத் தீர்ப்பு ரத்தாகும். 1979இல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. இந்த அளவுகோலோடு அந்தப் படுக்கையறை அலமாரியைப் பாருங்கள். மேகசின் தனியாகக் கிடந்தது, ஆனால் நிரம்பியிருந்தது. அரசு வக்கீல் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "முக்கால் மணி நேரம் இருந்தது, கழற்றி வைக்க ஐந்து விநாடி போதும்." அண்ணன் பக்கம் சொல்ல வேண்டியது: "கழற்றினார் என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை, ஊகத்தின் மேல் ஊகம் வைக்கக் கூடாது."

யார் பக்கம் சாயும் என்பது சாட்சியப் பதிவில் மூன்று நான்கு வரிகளில் இருக்கும். நான் இப்படிப்பட்ட வழக்கை எடுத்தால் முதலில் துப்பாக்கியைக் கைப்பற்றிய போலீஸ்காரரின் சாட்சியத்தைத்தான் புரட்டுவேன். "ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பார்த்தீர்களா, சேம்பரில் தோட்டா இருந்ததா?" என்று யாராவது கேட்டார்களா? இந்த வகைக் கைத்துப்பாக்கியில் மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில், அதாவது குழாயின் பின்பக்க அறையில், ஒரு தோட்டா நிற்கலாம், அந்த ஒன்று போதும் ஆளைக் கொல்ல. சேம்பரில் தோட்டா இருந்தது என்று அவர் சொல்லியிருந்தால் அநேகமாக இந்த வாதம் முடிந்தது. காலியாக இருந்தது என்று சொல்லியிருந்தால் மிகவும் நல்லது. கேள்வியே கேட்கப்படவில்லை என்றால் அது அரசுத் தரப்பு விட்ட ஓட்டை, அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்து பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியம். துப்பாக்கியின் கைப்பிடிக்குக் கீழே மேகசின் தெரிந்தது என்றாரா? "சடக் என்று இழுத்தான், சத்தம் கேட்டது" என்றாரா? அப்படிச் சொல்லியிருந்தால், தோட்டாவை ஏற்றினார் என்று ஜூரி ஊகிக்க அது வலுவான அடிப்படை. கடைசியாக அண்ணன் சொன்ன "சுட்டுவிடுவேன்" என்ற வார்த்தை. துப்பாக்கி தயாராக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி அதை எடுக்கலாம் என்று அரசுத் தரப்பு நிச்சயம் வாதிடும். மிரட்டுகிறவன் காலித் துப்பாக்கியோடும் அதைத்தானே சொல்வான் என்பது நம் பதில். இதில் நீதிபதிகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று பதிவைப் பார்க்காமல் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

இந்த வாதம் ஜெயித்தால் கிடைப்பது பெரியது. சாட்சியம் போதவில்லை என்று ஒரு குற்றம் ரத்தானால் அதற்காக மறு விசாரணை நடத்த முடியாது, 1978இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பு விதியாகவே ஆக்கிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், காலித் துப்பாக்கியை நீட்டுவது சட்டப்படி சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல்ரீதியாக அச்சுறுத்தி ஒருவரைப் பயப்பட வைப்பது சாதாரணத் தாக்குதல் என்ற வேறொரு பிரிவில் குற்றம்தான். அரசுத் தரப்பு அந்தப் பிரிவையும் போட்டிருக்கலாம், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போடவில்லை. போடாத குற்றத்துக்கு மேல் கோர்ட் தானாகத் தண்டிக்க முடியாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பயம் நிஜம், துப்பாக்கிக் குழாய் தன்னை நோக்கி இருக்கும்போது உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டம் வேறு இடத்தில் பதில் வைத்திருக்கிறது என்பதுதான் நம் வாதமே தவிர, அது பொய் என்பது அல்ல. மனுவையும் அந்தத் தொனியில் எழுதினால்தான் நீதிபதிகள் காது கொடுப்பார்கள்.

இரண்டாவது குற்றத்தின் பெயரில் 'டெரரிஸ்டிக்' என்று வருவதால் அண்ணன் மேல் பயங்கரவாத முத்திரை விழுந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை, தெருச் சண்டை முதல் பள்ளிக்கூட மிரட்டல் வரை போடப்படும் சாதாரணப் பிரிவு அது. இதில் அண்ணனுக்கு இருக்கும் ஒரே வழி கோபம். ஆத்திரத்தில் அந்த நொடியில் வாயில் வந்ததைச் சொல்வதைத் தண்டிக்க இந்தப் பிரிவு எழுதப்படவில்லை என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. சுப்பீரியர் கோர்ட் அதை நிஜமாகவே கடைப்பிடித்த வழக்குகள் உண்டு. 1982இல் ஒரு வழக்கு: குடித்துவிட்டுக் கைதாகி, ஆஸ்பத்திரியில் விலங்கோடு இருந்தவர் போலீஸ்காரர்களைப் பார்த்து மெஷின் கன்னால் சுட்டுக் கொல்வேன் என்று கத்தினார். குற்றத் தீர்ப்பு ரத்தானது. 1987இல் இன்னொன்று, உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருவது: குழந்தைகள் வழியை மறித்தது பற்றி இரண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குள் காரசாரமான வாக்குவாதம். மறுபடி குழந்தைகள் மேல் காரை ஏற்றப் பார்த்தால் துப்பாக்கியைக் கொண்டுவந்து சுடுவேன் என்றார் அந்தத் தாய். அதுவும் ரத்தானது.

உங்கள் வக்கீல் இந்த இரண்டையும் கட்டாயம் காட்டுவார். ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் மறைக்கக் கூடாது. அந்த இருவர் கையிலும் துப்பாக்கி இல்லை, வெறும் வாய் வார்த்தைதான். உங்கள் அண்ணன் சண்டையை விட்டுத் திரும்பி, வாசற்படி ஏறி, உள் அறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, திரும்பவும் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார். அது ஒரு நிமிடமாகவே இருக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் நின்றிருக்கலாம், நிற்கவில்லை, ஆகவே அந்த மிரட்டல் யோசித்துச் செய்தது என்று அரசுத் தரப்பு சொல்லும். கோபமாக இருந்தார் என்பதாலேயே பயமுறுத்தும் நோக்கம் இருக்க முடியாது என்றும் ஆகிவிடாது என்று இதே கோர்ட் வேறு பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. என் மதிப்பீட்டில் இந்தக் குற்றத்தில் ஜெயிப்பது கஷ்டம். முடியாதது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் எல்லோரும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வாய்ப்பு இல்லை. 2023இல் கவுன்டர்மேன் எதிர் கொலராடோ வழக்கில் உச்ச நீதிமன்றம் மிரட்டல் வழக்குகளை மாற்றிவிட்டதாமே என்று கேட்டிருந்தீர்கள். தன் பேச்சு மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாமல் பேசினார் என்பதையாவது நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அண்ணன் மேல் போட்டிருக்கும் உட்பிரிவு, பீதியில் ஆழ்த்தும் நோக்கம் என்ற அதைவிட உயர்ந்த மனநிலையை ஏற்கெனவே கேட்கிறது. அதனால் கவுன்டர்மேன் புதிதாக எதையும் கொண்டுவராது. அதற்குப் பக்கங்களைச் செலவழிப்பது வீண்.

இந்த வழக்கில் எனக்கு வருத்தம் தரும் விஷயம் என்னவென்றால், அப்பீலில் பலமான வாதம் இருப்பது எந்தக் குற்றத்துக்கோ அது அண்ணன் வாழ்க்கையைக் குறைவாகவே பாதிக்கிறது. பலவீனமான வாதம் இருக்கும் குற்றம்தான் அவரை உண்மையில் அடிக்கப்போவது. ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றம் இரண்டாம் நிலை மிஸ்டிமீனர் (பெருங்குற்றத்துக்குக் கீழான வகை), அதிகபட்சம் 2 வருடம். மிரட்டல் முதல் நிலை, அதிகபட்சம் 5 வருடம். அவருக்கு எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்காமல், அந்த அதிகபட்சத்தைப் பார்க்கிறது மத்தியத் துப்பாக்கிச் சட்டம். மாநிலம் மிஸ்டிமீனர் என்று சொன்னாலும் 2 வருடத்துக்கு மேல் தண்டிக்கக்கூடிய குற்றம் என்றால் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. ஆகவே மிரட்டல் தீர்ப்பு நிற்கும்வரை வீட்டில் எந்தத் துப்பாக்கியும் அவர் கைக்கு எட்டக் கூடாது. வைத்திருந்தால் அது தனியான, இன்னும் பெரிய மத்தியக் குற்றம்.

கிரீன் கார்டு விஷயத்திலும் இதே கதைதான். பென்சில்வேனியாவை உள்ளடக்கிய மூன்றாவது சர்க்யூட் நீதிமன்றம் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்), ஆபத்துக்கு உள்ளாக்கும் குற்றத்தை ஒழுக்கக்கேட்டுக் குற்றமாக, அதாவது நாடு கடத்தலுக்கு வழிவிடக்கூடிய ஒரு வகையாக, எண்ண முடியாது என்று 2014இல் சொன்னது. ஆனால் அண்ணன் மேல் போட்டிருக்கும் மிரட்டல் உட்பிரிவை 2016இல் ஒழுக்கக்கேட்டுக் குற்றமாகவே எண்ணியது. அதோடு, 2002இல் அதே நீதிமன்றம் இந்த மிரட்டல் குற்றத்தை வன்முறைக் குற்றம் என்று எடுத்தது. குடிவரவுச் சட்டத்தில் வன்முறைக் குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் மிகக் கடுமையான வகையில் போய் விழும், நாடு கடத்தலைத் தடுக்கும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். இங்கேதான் உங்கள் கடிதத்தில் "6 முதல் 12 மாதம்" என்று படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று சொல்லும் தண்டனையில் குடிவரவுச் சட்டம் பார்ப்பது அதிகபட்சத்தை, அதாவது 12 மாதத்தை. 12 மாதம் என்பது ஒரு வருடம். தண்டனை ஒரே ஒரு நாள் குறைந்து 364 நாளாக இருந்திருந்தால் அந்தக் கடுமையான வகையில் விழாது. 2002க்குப் பிறகு குற்றப் பிரிவுகளை வாசிக்கும் முறையே நிறைய மாறியிருப்பதால், அந்தத் தீர்ப்பு இன்று இவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குடிவரவு வழக்குகளிலேயே இருக்கும் ஒரு வக்கீல் சொல்ல வேண்டியது அது. ஆனால் அபாயம் இருப்பது உறுதி. அதைக் குறைக்க முயல ஒரு வழியும் இருக்கிறது. அந்த 10 நாள் மோஷனில் தண்டனையை ஒரு நாளாவது குறைக்கும்படி கேட்க வேண்டும், ஆனால் குடிவரவு விளைவை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது: அந்தக் காரணத்துக்காக மட்டும் குறைத்த தண்டனையைக் குடிவரவு வழக்கில் ஏற்க மாட்டோம் என்று அமெரிக்க அட்டர்னி ஜெனரல் 2019இல் முடிவு செய்தார், அதனால் வழக்கிலோ தண்டனையிலோ உள்ள சட்டக் குறையைக் காரணமாகக் காட்ட முடியுமா என்று குடிவரவு வக்கீலிடம் கேட்க வேண்டும். நீதிபதி கட்டாயம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மற்ற விஷயங்களில் இறுக்கமான நீதிபதிகள்கூட இந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் யோசிக்கிறார்கள். இந்த மூன்று நாளில் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட முக்கியமானது வேறில்லை.

அதே மோஷனில் இன்னொன்றும் போக வேண்டும். ஜூரியின் தீர்ப்பு சாட்சியத்தின் கனத்துக்கு எதிரானது என்ற வாதம் இருந்தால் அதை விசாரணை நீதிபதி முன்தான் முதலில் வைக்க வேண்டும், நேராக மேல் கோர்ட்டில் வைக்க முடியாது. அது அரிதாகவே ஜெயிக்கும், ஜெயித்தாலும் கிடைப்பது மறு விசாரணைதான், விடுதலை இல்லை. இருந்தாலும் கேட்காமல் விட்டால் நிரந்தரமாகப் போய்விடும், அதனால் கேட்டு வையுங்கள்.

அப்பீல் நோட்டீஸ் போன பிறகு நீதிபதி, என்னென்ன தவறுகளை எதிர்த்து அப்பீல் செய்கிறீர்கள் என்று ஒரு சுருக்கப் பட்டியல் கேட்பார். இங்கே 1925(பி) அறிக்கை என்பார்கள், பொதுவாக 21 நாள் அவகாசம். நல்ல அப்பீல்கள் இந்த ஒரு பக்கத்தில்தான் செத்துப்போகின்றன. "குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியம் போதவில்லை" என்று மொட்டையாக எழுதினால், எந்தக் குற்றத்தின் எந்தக் கூறு என்று சொல்லவில்லை என்று காரணம் காட்டி அந்த வாதத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். "துப்பாக்கியில் தோட்டா இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஆகவே 2705 கேட்கும் நிஜமான ஆபத்து நிரூபணமாகவில்லை" என்று எழுத வேண்டும். தாக்கல் செய்யும் முன் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி நீங்களே படித்துப் பாருங்கள், அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சாட்சியப் பதிவுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள், அது கோர்ட் கோப்பில் சேராவிட்டால் மேல் கோர்ட் வாதத்தைத் தொடவே தொடாது.

2705 தீர்ப்பு மட்டும் ரத்தானால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். அந்த 2 வருடப் புரொபேஷன் போகும். ஆனால் இரண்டு தண்டனையையும் ஒரு திட்டமாக நீதிபதி கணக்குப் போட்டிருந்தால், மொத்தத்தையும் திருப்பி அனுப்பி மறுபடி தண்டனை சொல்லச் சொல்லலாம். அப்போது மிரட்டலுக்கு வேறு மாதிரி தண்டனை வரும் வாய்ப்பும் உண்டு. இதை வக்கீலோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதிர்ச்சியாக வேண்டாம்.

அண்ணனைக் கூண்டில் ஏற்றாதது பழைய வக்கீலின் தப்பு என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். தப்பாக இருக்கலாம், நல்ல காரணத்தோடு எடுத்த முடிவாகவும் இருக்கலாம். ஏறியிருந்தால் குறுக்கு விசாரணையில் "பிறகு ஏன் நீட்டினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், "பயமுறுத்தத்தான்" என்று வந்திருந்தால் இரண்டாவது குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். எப்படியானாலும், வக்கீலின் குறைபாடு பற்றிய புகாருக்குப் பொதுவாக இந்த அப்பீலில் இடமில்லை. அப்பீலெல்லாம் முடிந்து தீர்ப்பு இறுதியான பிறகு ஒரு வருடத்துக்குள் போடும் தனி மனு அதற்கு இருக்கிறது. அண்ணன் குடிமகன் இல்லை என்று தெரிந்தும் குடிவரவு விளைவு பற்றி வக்கீல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், பேரம் பேசி முடிக்க வந்த வாய்ப்பை விட்டுவிட்டார்களா என்பதையும் அப்போது பார்க்கலாம். அதற்குத் தேவையான கடிதங்கள், மெயில்கள், போன் செய்திகள் எதையும் அழிக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

அப்பீல் நடக்கும்போது ஜெயிலில்தான் இருக்க வேண்டுமா என்றால், அநேகமாக வேண்டியதில்லை. 2 வருடத்துக்குக் குறைவான தண்டனைக்கு, தீர்ப்புக்கு முன் இருந்த அதே ஜாமீன் உரிமை அப்பீல் காலத்திலும் தொடரும் என்பது இங்கே பொது விதி. ஆனால் அவர் தப்பிப் போவார், மற்றவருக்கு ஆபத்து என்று நீதிபதி நினைத்தால் மாறலாம். பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிச்சயம் இருக்கும், அதனால் சில மாதம் வேறு உறவினர் வீட்டில் தங்கத் தயாராக இருப்பதாகச் சொன்னால் மனு எடுபடும்.

கடைசியாக, மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டுக்காரருக்கு அண்ணன் கடிதம் எழுதலாமா, இல்லை பெரியம்மாவாவது போய்ப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அது சரியாகத் தோன்றும், நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள் என்றும் தெரிகிறது. ஆனாலும் வேண்டாம், யாரும் போக வேண்டாம். வீட்டார் போனால்கூட சாட்சியை மிரட்டப் போனதாகப் புது வழக்கு வரலாம், ஜாமீன் உடனே ரத்தாகலாம். மன்னிப்புச் சொல்ல விரும்பினால் வக்கீல் வழியாக, வக்கீல் படித்துப் பார்த்த வார்த்தைகளில், அதுவும் அப்பீலுக்குப் பாதிப்பில்லை என்று அவர் சொன்ன பிறகுதான். மேல் கோர்ட் நீதிபதிகளுக்கு உறவினர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் நற்சான்றுக் கடிதம் எழுதுவதும் பலனில்லாத வேலை, அவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். அந்தக் கடிதங்களை விசாரணை நீதிபதியிடம் போகும் மோஷனோடு இணைக்கலாம். இந்த மூன்று நாளுக்குள் வாங்க முடிந்தால் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள்.